இலைக்குப் பர்மிட் கேட்ட கதை

எனக்கு ஐம்பது வயதாகும்போது என் உடம்பில் ஒரு நோயும் கிடையாது. தாராவியில் என் பக்கிள் பட்டறையில், பித்தளைத் தகடு வெட்டும் பிரஸ்ஸின் கைப்பிடியை இரண்டு ஆள் சேர்ந்து இழுக்கும் இடத்தில் நான் ஒற்றைக் கையால் இழுப்பேன். பம்பாயில் அன்றைக்குப் பெண்கள் தோளில் மாட்டிய பைகளில் பாதிக்குப் பக்கிள் நான் அடித்தது. மீதிப் பாதி என்னுடையதைப் பார்த்துக் காப்பியடித்தது.

அப்படிப்பட்ட எனக்கு, உடல்நலம் காக்க விஸ்கி அவசியம் என்று அரசாங்கமே சீல் குத்திப் பர்மிட் கொடுத்திருந்தது. பம்பாயில் சட்டப்படி குடிக்க வேண்டுமானால் அதுதான் வழி. ஒரு டாக்டர் சர்டிபிகேட் தர வேண்டும். நான் போன டாக்டர் என்னைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“என்ன தொந்தரவு?” என்றார்.

“ஒரு தொந்தரவும் இல்லை டாக்டர்.”

“அப்படிச் சொன்னால் பர்மிட் கிடைக்காது” என்று சொல்லிவிட்டு, பசியின்மை என்று அவரே எழுதிக்கொண்டார். அன்று காலை நான் பதினான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தேன். அந்தப் பர்மிட்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பேன். நான் குடிப்பது மாதத்துக்கு இரண்டு முறை, அதுவும் சரக்கு வாங்கும் பார்ட்டிகள் வந்தால்தான். ஆனால் ஒரு மனிதனுக்குச் சட்டம் தன் பக்கம் நிற்கிறது என்பதில் ஒரு மிடுக்கு இருக்கிறதல்லவா?

என் தங்கையின் வீட்டுக்காரர் செம்பூரில் ஒரு கம்பெனியில் ஹெட் கிளார்க். பி.காம். படித்தவர். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை மன்னித்து விட்டவன். எனக்கு வரும் இங்கிலீஷ் கடிதங்களை அவர்தான் வாசித்துச் சொல்வார். வாசிக்கும்போது மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே நான் இரண்டாவது பட்டறை போட்டேன் என்று சொன்னால் பொய்யாகாது.

அவருக்கு முதலில் கையிலிருந்து பேனா நழுவியது. அப்புறம் கால் தட்டுத்தடுமாறியது. அப்புறம் பேச்சு குழறியது. குடித்திருக்கிறார் என்று ஆபீஸில் புரளி கிளம்பியது. பர்மிட் வைத்திருந்தவன் நான், பெயர் கெட்டது அவருக்கு. பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் பார்த்துவிட்டு, மோட்டார் நியூரான் வியாதி என்றார். மூளையிலிருந்து தசைக்குச் சேதி கொண்டுபோகும் நரம்பு ஒவ்வொன்றாகச் சாகிறது, அதைத் தடுக்க மருந்து கிடையாது என்று விளக்கினார்.

வெளியே வந்ததும் நான் என் பாணியில் சொன்னேன். “மாப்ள, மெஷின் நல்லாத்தான் இருக்கு. வயரிங்தான் எரிஞ்சு போச்சு.”

அவர் யோசித்துவிட்டு, “டாக்டரவிட நீங்க தெளிவா சொல்லிட்டீங்க மச்சான்” என்றார். இருபது வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான். அதுவும் இப்படி ஒரு விஷயத்துக்கு.

நோய் வளர வளர, இரண்டு காலும் கட்டைபோல விறைத்துக்கொள்ளும். திடீரென்று கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும். நாற்காலியில் இருப்பவர் அப்படியே வழுக்கி இறங்குவார். வாயில் உமிழ்நீர் நிற்காது, மடியில் எப்போதும் ஒரு துண்டு. சாப்பாடுதான் பெரிய பாடு. படுத்துக்கொண்டு விழுங்கினால் புரையேறும். நிமிர்ந்து அரைமணி நேரம் உட்கார்ந்தால் மெதுவாகக் குழைந்த சோறு இறங்கும். ஆனால் அந்த அரைமணி நேரத்துக்குக் கால்கள் விடவேண்டுமே! இரண்டு வாய் இறங்குவதற்குள் கால் உதைக்கும், கிண்ணம் பறக்கும். ஆள் துரும்பாகிக்கொண்டே வந்தார்.

“வாயால் சாப்பிடுகிறவரை சாப்பிடட்டும். எடை இன்னும் குறைந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான்” என்றார் டாக்டர்.

மாப்பிள்ளை அதைக் கேட்டு அழுதார். நடை போனபோதும் அழாதவர். “கொளா வேணாம் மச்சான்” என்றார். “ருசி... போயிரும்.” சாப்பாட்டு விஷயத்தில் அவர் ராஜா. சாம்பாரில் பெருங்காயம் எந்தக் கடைப் பெருங்காயம் என்று மூக்கால் சொல்கிறவர்.

அவ்வளவுதான், ஊர் வைத்தியர்கள் எல்லாரும் செம்பூருக்கு வந்துவிட்டார்கள். அவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர், மாட்டுங்காவில் இருக்கும் பாலக்காட்டுக்காரர், ஞாயிற்றுக்கிழமைகளில் ஹோமியோபதி பார்ப்பவர், சர்க்கரை உருண்டை மாத்திரை கொண்டுவந்தார். நான் சும்மா இருப்பேனா? திருநெல்வேலியிலிருந்து ஒரு டின் தைலம் வரவழைத்தேன். அதன் நாற்றத்தில் பக்கத்து பிளாட்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். அந்த அளவுக்கு வீரியமான தைலம்.

அந்த வருஷம் ஹோலி கழிந்து ஒரு வாரத்தில் நான் போனபோது, மாப்பிள்ளை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கால் இரண்டும் சொன்னபடி கேட்டுக்கொண்டிருந்தன. துண்டு உலர்ந்திருந்தது. ஒரு கிண்ணம் முடித்துவிட்டு இன்னொரு கிண்ணத்துக்குக் கண்ணைக் காட்டினார்.

“பாத்தியா தாயி, தைலம் வேலை செய்யுது!” என்றேன் தங்கையிடம். அவள் குனிந்து சோற்றைப் பிசைந்தாள். தாராவி முழுக்க இந்தச் சேதியைச் சொன்னேன். நாலைந்து பேருக்குத் தைலத்தைப் பங்கிட்டும் கொடுத்தேன்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் மத்தியானம் சொல்லாமல் போய் நின்றேன். தங்கை சமையலறையில் ஒரு பச்சை உருண்டையைச் சூடான பாலில் கரைத்துக்கொண்டிருந்தாள். சுண்டைக்காய் அளவுதான் இருக்கும்.

“என்ன தாயி அது?”

“கீரைண்ணே.”

“கீரைய எவளாவது பால்ல போடுவாளா?”

அவள் கதவைச் சாத்தினாள். “சத்தம் போடாத. பாங்கு. ஹோலியன்னிக்குப் பால்காரர் அத அரச்சுக் கலந்த தண்டாயிப் பாலு கொண்டாந்தாரு. இவுக ஒரு தம்ளர் குடிச்சாக. அன்னிக்கு மத்தியானம் காலு தளர்ந்துது, எச்சி நின்னுது, பசிக்குதுன்னாக. அதுல இருந்து தெனமும் ஒரு உருண்ட. அவருதான் இலைய அரச்சுத் தாராரு.”

“அப்ப என் தைலம்?”

“அது கட்டிலுக்கு அடியில இருக்கு.”

பாங்கு என்பது கஞ்சாச் செடியின் இலை. பூவைப் புகைப்பார்கள், இலையை அரைத்துப் பாலில் கலந்து குடிப்பார்கள். வடக்கத்தியாருக்கு ஹோலிக்கும் சிவராத்திரிக்கும் அது இல்லாமல் முடியாது. இது எனக்குத் தெரியாததல்ல. என்னைச் சுட்டது வேறு. பம்பாயில் ஒரு பொருள், என்னைக் கேட்காமல், ஒரு எருமைத் தொழுவத்துக்காரர் மூலமாக என் தங்கை வீட்டுக்குள் வந்துவிட்டது! ஊசிமுனை அளவு ஸ்க்ரூவிலிருந்து தகடு அடிக்கும் ஜெர்மன் டை வரை எது வேண்டுமென்றாலும் என்னிடம்தானே வருவார்கள்?

பயமும் இருந்தது, மறைப்பானேன். போதைப்பொருளுக்கு டெல்லியில் புதுச் சட்டம் போட்டிருந்த நேரம் அது. கையில் வைத்திருந்தால் பத்து வருஷம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

“திருட்டுத்தனமா எதுவும் வேண்டாம். நான் பர்மிட் எடுக்கேன்” என்றேன்.

“எதுக்கு?”

“இலைக்கு. நோவே இல்லாத எனக்கு விஸ்கிக்குப் பர்மிட் குடுத்த கவர்மெண்ட்டு, சாகக் கெடக்கிற மனுசனுக்கு ஒரு உருண்டைக்குக் குடுக்காதா?”

நாற்காலியிலிருந்து மாப்பிள்ளை, “மச்சான்... சும்மா... இருங்க” என்றார். எனக்குச் சிரமம் வேண்டாம் என்று சொல்கிறார் என எடுத்துக்கொண்டேன்.

குர்லா கோர்ட் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து டைப் அடிக்கும் கிழவர் ஒருவர் உண்டு. என் பட்டறையின் விண்ணப்பம் அத்தனையும் அவர் அடித்ததுதான். கரண்டு இணைப்புக்கு, தகடு கோட்டாவுக்கு, பிரஸ் லைசென்சுக்கு. நான் இந்தியில் சொல்ல, அவர் இங்கிலீஷில் தட்டுவார். இருபது வருஷத்தில் நான் கண்டுகொண்ட விதி ஒன்று இருக்கிறது. விண்ணப்பத்தில் ‘மூலப்பொருள் எங்கிருந்து வாங்கப்படுகிறது’ என்பதை எழுதாவிட்டால் காகிதம் திரும்பி வந்துவிடும். பித்தளை எந்த வியாபாரி, டின் எந்தக் கடை, முகவரி, சப்ளை ஆகும் நாள், எல்லாம் வேண்டும். எழுதிவிட்டால் ஆபீசர் ஒரு கேள்வி கேட்கமாட்டார்.

எனவே இதிலும் எழுதச் சொன்னேன். பால்காரரின் பெயர், தொழுவம் செம்பூர் பக்கம் எந்த இடத்தில் இருக்கிறது, காலை எத்தனை மணிக்கு அங்கே இலை அரைக்கிறார்.

கிழவர் தட்டுவதை நிறுத்தினார். “சேட், இதெல்லாம் எழுதணுமா?”

“எழுதும். நான் எதையும் மறைத்துத் தொழில் செய்ததில்லை. சரக்கு தரமானது, வாரம் தவறாமல் சப்ளை என்றும் சேர்த்துக்கொள்ளும்.”

“தரமானது” என்று கிழவர் தட்டினார். மூன்று காப்பி.

பர்மிட் ஆபீஸில் என்னைப் பார்த்ததும் கிளார்க் எழுந்து, “விஸ்கி புதுப்பிக்கவா?” என்றார். பழகிய முகம். நான் காகிதத்தை நீட்டினேன். வாசித்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார். அவரும் வாசித்தார். இலை என்றால் ஒரு சட்டம், பூ என்றால் வேறு சட்டம் என்றார் ஒருவர். டெல்லிச் சட்டம் இலையை விட்டுவிட்டது, நம் பம்பாய்ச் சட்டம் விடவில்லை என்றார் மற்றவர். அரைத்த பிறகு இலை இலையாகுமா என்று மூன்றாமவர் கேட்டார். டீ வந்தது. எனக்கும் கொடுத்தார்கள்.

“நோயாளி எங்கே?” என்று கேட்டார்கள். நடக்க முடியாதவர் என்றேன். நேரில் வரவேண்டும் என்றார்கள். நடக்க முடிந்தால் இலை எதற்கு என்றேன். அது தனிக் கேள்வி, அதைத் தனி விண்ணப்பத்தில் கேட்க வேண்டும் என்றார்கள். கடைசியில் விண்ணப்பம் பெற்றுக்கொண்டதாக ஒரு காப்பியில் சீல் குத்தித் தந்தார்கள். சீல் விழுந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. வெற்றியோடு செம்பூர் போய், அதைப் படித்த மாப்பிள்ளையிடம் காட்டினேன்.

அவர் வாசித்தார். பால்காரரின் பெயர் இருந்த மூன்றாவது பாராவில் கண் நின்றது. அந்தப் பழைய பார்வை, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக. வாய் ஏதோ சொல்லப் பார்த்தது, வரவில்லை.

நான்காம் நாள் காலை தொழுவத்துக்குப் போலீஸ் ஜீப் வந்தது. இலை மூட்டையையும் எடுத்துக்கொண்டார்கள், அதோடு ஒரு டப்பா நெய்யையும். நெய் எந்தச் சட்டத்தில் வருகிறதென்று எனக்கு இன்னும் தெரியாது. பால்காரரைச் சாயங்காலம் வரை போலீஸ் சௌக்கியில் உட்கார வைத்திருந்தார்கள். இருபது எருமை கறப்பதற்கு ஆளில்லாமல் கத்தியது தங்கை குடியிருக்கும் காலனி வரை கேட்டதாம். மறுநாளிலிருந்து அவர் என் தங்கை வீட்டுப் பக்கமே வரவில்லை. இலை மட்டுமல்ல, பாலும் நின்றது.

தங்கை பட்டறைக்கே வந்துவிட்டாள். ஆட்கள் எல்லாரும் பார்க்க வாசலில் நின்றாள்.

“ஏண்ணே, ஒனக்குக் கோட்டி புடிச்சிருக்கா? ஊர்ல கள்ளன்கூட வீட்டு வாசல்ல போர்டு மாட்ட மாட்டான். நீ சீல் குத்தி வாங்கிட்டு வந்திருக்க!”

“சட்டப்படி...”

“ஒன் சட்டத்தக் கொண்டு ஒலையில வையி. நாலு நாளா அவுக வாயில ஒண்ணும் எறங்கல. காலு ரெண்டும் நாற்காலிய ஒதச்சே ஒடச்சிட்டு. வெள்ளிக்கெழம கொளா போட வாங்கன்னுட்டாரு டாக்டரு.”

அன்று செவ்வாய்க்கிழமை.

நான் செம்பூர் போய்ப் பார்த்தேன். கட்டிலில் இரண்டு முழங்காலும் கொக்கிபோல மடங்கி, விறைத்துக் கிடந்தார். நான் தைல டின்னைத் தேடினேன். எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. அவர் தலையை ஆட்டினார். வேண்டாம் என்றுதான். மடியில் துண்டு நனைந்து கனத்திருந்தது. நான் அதை மாற்றினேன். அவர் மெல்ல, எழுத்து எழுத்தாகப் பேசினார். “எனக்கு... வாய்... போவுது. ஒங்களுக்கு... நிக்கவே... மாட்டேங்குதே... மச்சான்.” சொல்லிவிட்டு அந்த நிலையிலும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை தொழுவத்துக்குப் போனேன். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனது தப்பு. முழங்கால் வரை சாணி. பால்காரர் என்னைப் பார்த்ததும் கறப்பதை நிறுத்தவில்லை.

“வாங்க சேட். எருமைக்கும் பர்மிட் எடுத்திருக்கீங்களா?” அவர் பேசியது இந்தி, நான் தமிழில் எழுதுகிறேன்.

“தெரியாமல் செய்துவிட்டேன் அண்ணா.”

“தெரியாமலா? டைம்கூட எழுதியிருந்தீங்க. காலை ஆறரை மணி. சரியாக ஆறரைக்கு வந்தார்கள். ஹவல்தார் வாசித்துக் காட்டினார். ‘சரக்கு தரமானது.’ ஸ்டேஷனே சிரித்தது.”

நான் வாழ்க்கையில் யாரிடமும் கைகூப்பியதில்லை, சாமி தவிர. சாமியிடமும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நிற்பேன். அன்று சாணியில் நின்று கைகூப்பினேன். வெள்ளிக்கிழமை குழாய் என்று சொன்னேன். அவர் மூக்கால் சாப்பிடப்போகிறார், பெருங்காயத்தை மோந்தே கடை சொல்கிற மனுஷன் என்று சொன்னேன். எனக்குக் குரல் உடைந்துவிட்டது. எருமை ஒன்று திரும்பிப் பார்த்தது.

பால்காரர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “பாபுஜிக்காகத் தருகிறேன். என் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். உங்களுக்காக இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை.”

“எது வேண்டுமானாலும் சொல்லும். புது ஷெட் போட்டுத் தரட்டுமா?”

“இதுதான், இதுதான் உங்கள் வியாதி! ஒன்றும் போட வேண்டாம். இதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பெண்டாட்டியிடமும் கூடாது. நான் சாகும்வரை கூடாது. உங்களால் முடியுமா?”

உள்ளே போய், காசியிலிருந்து கொண்டுவந்து ஈயம் பூசி அடைத்த கங்கைச் செம்பைக் கொண்டுவந்தார். அதன்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தேன். பக்கிள் வியாபாரத்தில் நான் எத்தனையோ கடுமையான கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இவ்வளவு கடுமையானது ஒன்றும் கிடையாது.

அன்று மத்தியானமே தங்கை வீட்டுக்கு உருண்டை போய்விட்டது. வியாழக்கிழமை கால் தளர்ந்தது. வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போனோம். எடை பார்த்தார், கால்களை மடக்கி நீட்டிப் பார்த்தார், தங்கையின் முகத்தைப் பார்த்தார். “நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. எவ்வளவு கொடுக்கிறீர்கள்?” என்றார். தங்கை விரல் நுனியைக் காட்டினாள். “அதற்கு மேல் போகாதீர்கள். சளி கெட்டியானால் நிறுத்திவிடுங்கள். குழாயை இப்போதைக்குத் தள்ளிப்போடலாம்.” என் திறமையால் நடந்தது என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. கங்கை ஞாபகம் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

நோய் ஓர் அங்குலமும் பின்வாங்கவில்லை. இலை அதைக் குணப்படுத்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கை முழுக்கப் போனது, பேச்சு முழுக்கப் போனது. ஆனால் அதற்குப் பிறகு பதினான்கு மாதம் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து வாயால் சாப்பிட்டார். குழாய் போட்டது கடைசி மூன்று வாரம்தான். பால்காரரும் இப்போது போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பதினான்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் எல்லாரும் செம்பூரில் இருந்தோம். காலனிக்காரர்கள் நாலு பேர், மாட்டுங்கா நண்பர், நான். தங்கை குழைந்த சாம்பார் சாதத்தை ஊட்டிக்கொண்டிருந்தாள். கால் அசையவில்லை. மாட்டுங்கா நண்பர் எல்லாரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

“பாத்தேளா? ஹோமியோபதி ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னாளே எல்லாரும்! கால் எப்படி அடங்கியிருக்கு பாருங்கோ. என்னோட மாத்திரைதான்.”

“அப்படியா சார்? என் மாமியாருக்கு மூட்டு வலி இருக்கு...” என்று ஒருவர் கேட்டார்.

“ஒரு டப்பா தரேன். இவருக்கு நான் எழுபது நாள் கேஸ் ஸ்டடி பண்ணினேனாக்கும். தைலம் கியிலம்னு சிலபேர் கெடுக்கப் பாத்தா. நான்தான் விடலை.” என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். தங்கை கரண்டியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். மாப்பிள்ளையும் பார்த்தார். பேச்சில்லாத அந்த மனுஷனின் முகத்தில் கண் மட்டும் சிரிப்பில் நிறைந்து வழிந்தது. என்ன செய்யப்போகிறேன் என்று பார்க்க அவருக்கு அவ்வளவு ஆசை.

“ஆமா சார்” என்றேன். “உங்க மாத்திரைதான். எனக்கும் ஒரு டப்பா குடுங்க.”

மாப்பிள்ளைக்குத் தோள் குலுங்கியது. “சிரிச்சா பொரையேறும், விழுங்குங்க மொதல்ல” என்று தங்கை அதட்டினாள். அவர் தாடையை மார்பில் அழுத்தி, கண்ணை மூடி, மெதுவாக விழுங்கினார். பிறகு கண்ணைத் திறந்து கிண்ணத்தைப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சமா?” என்று கேட்டுக்கொண்டே அவள் சாம்பார் எடுக்க எழுந்து போனாள்.